படிக்கத் தெரியாத ஓவியர்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அந்த அறிவிப்பு வரும். ‘‘அம்மா... நாளைக்கு ஸ்கூல்ல சார்ட் கொண்டுவரச் சொன்னாங்க!’’

அப்புறம் என்ன? தெருமுனைக் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்ட நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கொஞ்சம் ஜிகினா. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் மெல்லிசாகக் கோடு. தலைப்பை ‘டபுள் லைனில்’ எழுதி, உள்ளே கலர் அடிப்பது அம்மாவின் டிபார்ட்மென்ட். ‘மழைநீர் சேமிப்’ வரை எழுத்துகள் பெரிசு பெரிசாக ஜம்மென்று வந்துவிடும். கடைசி ‘பு’வுக்கு மட்டும் இடம் போதாது. பஸ் ஃபுட்போர்டில் தொங்குகிற ஆள் மாதிரி ஓரத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும். பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருக்கும்!

இப்போது அந்த வேலையை ஏ.ஐ. பார்க்கிறது. ‘மழைநீர் சேமிப்பு என்று தலைப்பு வேண்டும். எழுத்தெல்லாம் தண்ணீர்த் துளியால் ஆன மாதிரி இருக்கட்டும். சுற்றிலும் மேகம், தவளை, வாழை இலை’ என்று செல்போனில் தட்டினால் போதும். கொஞ்ச நேரத்தில் படம் ரெடி. துளிகள் ஒவ்வொன்றும் மினுமினுக்கின்றன. தவளை, சிரிக்கிறதோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் தத்ரூபம். பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எழுத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தீர்களா? சில சமயம் ‘ழை’க்கு ஒரு கால் அதிகமாக இருக்கும். ‘ர்’ மேல் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும். இடையில் ஓர் எழுத்து இருக்கும் பாருங்கள்... பாதி ‘க’, மீதி தெலுங்கு மாதிரி! தூரத்தில் நின்று பார்த்தால் சுத்தமான தமிழ். பக்கத்தில் போனால் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத சமாசாரம்.

தமிழ் என்பதால் வந்த ஓரவஞ்சனை இல்லை இது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் ‘டால்-ஈ 2’ என்ற படம் வரையும் ஏ.ஐ. வந்தபோது ஆங்கிலத்துக்கே இந்தக் கதிதான். குதிரை மேல் விண்வெளி வீரரை உட்காரவைத்து அட்டகாசமாக வரைந்து கொடுத்தது. ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை எழுதச் சொன்னால் மட்டும் உளறிக் கொட்டியது. இன்றைக்கு ஆங்கிலம் பெருமளவு சரியாகிவிட்டது. தமிழும் திருந்திக்கொண்டு வருகிறது. ஆனாலும் ஒரு புள்ளி, ஒரு கொம்பு தவறுவது நிற்கவில்லை.

சரி, சிரித்துவிட்டுப் போய்விடலாமா? அந்த சார்ட் எங்கே ஒட்டப்படப் போகிறது என்று யோசித்தால் சிரிப்பு வராது. கல்யாண மண்டபத்து வாசலில் தெர்மாகோல் எழுத்து ஒன்று தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை. வருகிறவர்களுக்கு மாப்பிள்ளை பெயர் தெரியும். ஒன்றாம் வகுப்புச் சுவர் அப்படியா? அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த எழுத்து இப்போதுதான் அறிமுகமே ஆகிறது. சுவரில் இருப்பதைத்தான் அவர்கள் ‘ழை’ என்று நம்பப்போகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலங்கார எழுத்து போடக் கிளம்பிய இயந்திரம் எழுத்துப்பிழையோடு மாட்டிக்கொள்வது இது முதல் தடவையே இல்லை. சொல்லப்போனால், முதல் முதலாகக் கிளம்பிய அன்றைக்கே மாட்டிக்கொண்டது! அந்தக் கதைக்கு சுமார் 570 வருஷம் பின்னால் போகவேண்டும்... ஜெர்மனிக்கு.

அதற்கு முன்னால், ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் புத்தகம் எப்படித் தயாரானது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவோம். அச்சு கிடையாது. எல்லாம் கையெழுத்துப் பிரதிதான். பல புத்தகங்களுக்குத் தாளுக்குப் பதிலாகக் கன்றுக்குட்டித் தோல், ஆட்டுத் தோல். எழுதுகிறவர் ஒருத்தர், அலங்காரம் பண்ணுகிறவர் இன்னொருத்தர் என்று பல இடங்களில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எழுத்தர் விறுவிறுவென்று கறுப்பு மையில் எழுதிக்கொண்டே போவார். அத்தியாயம் தொடங்கும் இடத்தில் முதல் எழுத்தை எழுதமாட்டார். ஒரு சதுரத்தைக் காலியாக விட்டுவிடுவார். பிறகு ஓவியர் வந்து, அந்தச் சதுரத்தில் சிவப்பு, நீலம், சில சமயம் தங்கமே வைத்துப் பெரிய எழுத்தாக வரைவார். கொடி சுற்றும், பூ பூக்கும், எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு முயல் உட்கார்ந்திருக்கும்.

எந்த எழுத்தை வரையவேண்டும் என்று ஓவியருக்கு எப்படித் தெரியும்? எழுத்தர் அந்தச் சதுரத்துக்குள்ளேயோ ஓரத்திலேயோ பொடி எழுத்தில் குறித்து வைத்திருப்பார். ஓவியர் அதைப் பார்த்து, அதன் மேலேயே வரைந்து மூடிவிடுவார். அழகான ஏற்பாடுதான். ஒரே ஒரு சிக்கல். குறிப்பைக் கவனிக்காமலோ, பக்கத்தைப் படிக்காமலோ வரைந்தால் போச்சு! தப்பான எழுத்து, தங்க முலாம் பூசிக்கொண்டு கம்பீரமாக நிற்கும். அப்படித் தப்பு முதலெழுத்துடன் உள்ள பழைய பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. காலிச் சதுரம் காலியாகவே, அந்தப் பொடி எழுத்து மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு இருக்கும் புத்தகங்களும் உண்டு. ஓவியருக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் போயிருக்கலாம்!

அலங்கார எழுத்தின் சிகரம் என்றால் அயர்லாந்துக்காரர்கள் ‘கெல்ஸ் புத்தகம்’ என்பார்கள். சுமார் கி.பி. 800-ல் துறவிகள் உருவாக்கிய பைபிள் சுவிசேஷப் பிரதி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 680 பக்கம். அதில் ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்றது. கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் மூன்றே எழுத்துகள் கிட்டத்தட்ட முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். கோட்டுக்குள் கோடு, சுழிக்குள் சுழி. நம்ம ஊர் சிக்குக் கோலத்தில் நாலு மார்கழியைச் சேர்த்துப் போட்ட மாதிரி. கீழே ஓரமாகப் பூனைகள், எலிகள். மீனைக் கவ்விக்கொண்டு ஒரு நீர்நாய்!

இவ்வளவு உயிரைக் கொடுத்து வரைந்த புத்தகத்தில் எழுத்துப்பிழைகள் ஏராளம் என்றால் நம்புவீர்களா? ஒரு இடம் ரொம்பப் பிரசித்தம். தான் சமாதானத்தை அல்ல, வாளைக் கொண்டுவந்திருப்பதாக இயேசு சொல்கிற கட்டம். லத்தீனில் வாளுக்கு ‘கிளாடியும்’. கெல்ஸ் எழுத்தர் அந்த இடத்தில் ‘கௌடியும்’ என்று எழுதிவைத்தார். அதற்கு அர்த்தம் மகிழ்ச்சி! எழுத்து மாறியதில் வாள் போய் சந்தோஷம் வந்துவிட்டது. (பலருக்கு இந்தப் பிழையே பிடித்துப் போகலாம்.)

இப்போது ஜெர்மனி. ரைன் நதிக்கரையில் மைன்ஸ் நகரம். அச்சுத்தொழிலின் தந்தை கூட்டன்பர்க், 1455-ம் ஆண்டு வாக்கில் தன்னுடைய பைபிளை அச்சடித்து முடித்தார். சுமார் 180 பிரதிகள். பெரும்பாலான பத்திகளில் 42 வரி. அவருக்கும் அலங்காரம் தலைவலியாகத்தான் இருந்தது. முதல் சில பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பில் அச்சடித்துப் பார்த்தார். ஒரே பக்கத்தை இரண்டு தடவை பிரஸ்ஸில் கொடுக்கவேண்டும்... கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். ‘பழையபடி கையாலேயே வரைந்துகொள்ளுங்கள்’ என்று காலி இடம் விட்டார். எங்கெங்கே என்ன தலைப்பைச் சிவப்பில் எழுதவேண்டும் என்று ஒரு பட்டியலைத் தனியாக அச்சடித்தும் கொடுத்தார். புத்தகம் வாங்குகிறவர் தன் செலவில் ஓவியரைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. அதனால்தான் இன்று மிஞ்சியிருக்கும் கூட்டன்பர்க் பைபிள்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை.

கூட்டன்பர்க் கையில் காசு நிற்காது. யோஹான் ஃபுஸ்ட் என்பவரிடம் கடன் வாங்கித்தான் தொழில் நடத்தினார். 1455-ல் ஃபுஸ்ட் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். கூட்டன்பர்க்கிடம் வேலை பார்த்த பீட்டர் ஷோஃபர் என்ற கெட்டிக்காரர் ஃபுஸ்ட்டோடு கூட்டுச் சேர்ந்தார் (பிற்பாடு ஃபுஸ்ட்டின் மகளையும் கல்யாணம் செய்துகொண்டார். பிழைக்கத் தெரிந்தவர்!). கூட்டன்பர்க் தலைவலி என்று ஒதுக்கிய அந்த அலங்காரத்தை இந்த ஜோடி இயந்திரத்திலேயே செய்துகாட்டியது.

1457, ஆகஸ்ட் 14. ‘மைன்ஸ் சங்கீதப் புத்தகம்’ வெளியானது. பைபிளின் சங்கீதப் பாடல்களை வழிபாட்டுக்காகத் தொகுத்த நூல். அதன் முதலெழுத்துகளைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். எழுத்து ஒரு நிறம், சுற்றிப் படரும் கொடி வேறு நிறம். சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலக்காமல், கையால் வரைந்ததைவிடத் துல்லியம். இத்தனையும் அச்சு! ஓவியருக்கு அங்கே வேலையே இல்லை. பெருமை தாங்காமல் புத்தகத்தின் கடைசியில் ஒரு குறிப்பும் போட்டார்கள். அச்சடித்தவர் யார், எந்தத் தேதி என்று சொல்லும் ஐரோப்பாவின் முதல் அச்சுப் புத்தகம் அதுதான். அழகான முதலெழுத்துகளால் அலங்கரிக்கப்பட்டது இந்த நூல், இதில் பேனாவே தொடவில்லை, எல்லாம் புதிய கண்டுபிடிப்பின் மகிமை என்கிற ரீதியில் போகிறது அந்தக் குறிப்பு.

அந்தப் பெருமைக் குறிப்பின் இரண்டாவது வார்த்தையில்தான் பூனை குறுக்கே ஓடியது! லத்தீனில் ‘ப்ஸால்மோரும்’ என்று இருக்கவேண்டும். ‘சங்கீதங்களின்’ என்று அர்த்தம். அச்சில் வந்தது ‘ஸ்பால்மோரும்’. முதல் இரண்டு எழுத்தும் இடம் மாறிவிட்டன. புத்தகத்தின் பெயரே தப்பு! இயந்திரம் போட்ட அலங்கார எழுத்தின் பெருமையைப் பேசவந்த வாக்கியம், அச்சுப்பிழைகளின் பாட்டியாகவும் சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டது.

எழுத்துகளைக் கோக்கிறவருக்கு அவை ஈயத் துண்டுகள். கையில் எடுத்து, வரிசையில் வைத்து, முடுக்கிவிட வேண்டியதுதான். நின்று படித்துப் பார்ப்பது தனி வேலை. அந்தத் தனி வேலைக்குப் பிறகு ஒரு பெயரும் சம்பளமும் உண்டாயின... புரூஃப் ரீடர்.

சரி, படிக்கத் தெரியாதவர்களே எழுத்தை உருவாக்கினால் என்ன ஆகும்? அந்த அனுபவமும் சரித்திரத்தில் உண்டு. அதுவும் தமிழுக்குக் கிடைத்த அனுபவம்!

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? வயதான ஒரு வாத்தியாரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, குழந்தைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டு, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இருபத்து நாலு வயசு வாலிபர்! சீக்கிரமே தமிழில் பேசவும் எழுதவும் தேறிவிட்டார்.

தமிழில் அச்சடிக்க ஈய எழுத்துகள் வேண்டும். அதற்கு முன்பே, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கப் புத்தகம் தமிழில் அச்சாகியிருந்தது. ஆனால், அந்த முயற்சி நீடிக்காமல் நின்றுபோய்விட்டது. எனவே சீகன்பால்கு தமிழ் எழுத்துகளின் மாதிரியை எழுதி ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த தொழிலாளர்களோ வாழ்க்கையில் தமிழைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு ‘ண’ என்பது மூன்று சுழி போட்ட ஒரு படம். ‘ஞ’ அதைவிடச் சிக்கலான படம். அவ்வளவுதான். காகிதத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி வார்த்தார்கள். 1713-ல் அந்த எழுத்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன.

பிரித்துப் பார்த்தால்... ஒவ்வொன்றும் தடித்தடியாக, ஏகப்பட்ட பெரிசு! பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதையும் அந்தச் சைஸில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ கப்பலில் வரவேண்டிய பண்டம். அச்சு வேலைக்காக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அட்லர் என்பவர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்க்க ஆரம்பித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கித்தான் அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1714, 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வெளியானது.

இரண்டு எழுத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். ஹாலேவில் வார்த்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. தரங்கம்பாடியில் அட்லருக்குப் பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ‘இது சரியில்லை, இந்தச் சுழி இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும்’ என்று சொல்ல ஆள் இருந்தது. ஹாலேவில் வார்த்தவர்களுக்கோ தமிழ் படிக்கத் தெரியாது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்கமாட்டார்களே, அப்போது மட்டும் தமிழ் வாழவில்லையா? நியாயமான கேள்வி. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பெரும்பாலும் புள்ளியைத் தவிர்த்தார்கள். எகரம், ஏகாரம் வித்தியாசமும் பார்வைக்குத் தெரியாது. ‘பல’ என்று இருந்தால் ‘பல்’லா ‘பல’வா, படிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு செய்யவேண்டும். முடிவு செய்தார்கள், ஏனென்றால், சுவடியைக் கையில் எடுத்தவருக்கு ஏற்கெனவே தமிழ் தெரியும். பாதிப் பாட்டு மனப்பாடம் வேறு! ஒன்றாம் வகுப்பு சார்ட்டை அண்ணாந்து பார்க்கிற குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘பல்’ படம் போட்டு மேலே ‘பல’ என்று எழுதியிருந்தால் அது பாவம் என்ன பண்ணும்?

பள்ளிக்கூடத்துக்கும் கம்ப்யூட்டர் அலங்கார எழுத்துக்கும் உறவு ஆரம்பித்தது 1990-களில். 1991-ல் மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு மாணவர்கள், ஸ்காட் ஃபோர்ஸ்டாலும் நாட் பிரவுனும், எழுத்தை வளைக்க, சாய்க்க, வானவில் கலர் கொடுக்க ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார்கள். அதுதான் ‘வேர்ட்ஆர்ட்’. (இதே ஃபோர்ஸ்டால்தான் பிற்காலத்தில் ஆப்பிளில் ஐபோன் சாஃப்ட்வேருக்குத் தலைமை தாங்கியவர்!) வளைந்து நெளிந்து, நிழல் விழுந்து, நீலத்தில் தொடங்கி ஊதாவில் முடியும் அந்தத் தலைப்புகளை நீங்கள் ஏதாவது ஒரு ஆண்டு விழா நோட்டீஸிலாவது பார்த்திருப்பீர்கள். 1994-ல் வின்சென்ட் கானேர் என்பவர் ‘காமிக் சான்ஸ்’ எழுத்தை உருவாக்கினார். ஒரு மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசும் வசனத்தைச் செய்தித்தாள் எழுத்தில் போட்டிருந்தார்களாம். ‘நாய் இப்படியா பேசும்?’ என்று அவருக்குப் பொறுக்கவில்லை! டிசைன் படித்தவர்கள் இன்றுவரை அதைத் திட்டுகிறார்கள். டீச்சர்கள் இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு டீச்சர்களுக்கு.

வேர்ட்ஆர்ட் கண்ணுக்கு உறுத்தலாம். ஆனால், எழுத்தைத் தப்பாகப் போடாது. காரணம், எழுத்து அதற்கு வெளியே, ‘ஃபான்ட்’டில் பத்திரமாக இருந்தது. யாரோ ஒரு படித்த மனிதர் வடிவமைத்து வைத்த ‘ழ’வை அது வளைக்கும், நீட்டும், சாயம் பூசும். ‘ழ’வைப் புதிதாகக் கண்டுபிடிக்காது. (தமிழ் ஃபான்ட்டில் அன்றைக்கு வேறு கூத்து. ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒரு ஃபான்ட்டில் ‘அம்மா’ என்று அடித்துவிட்டு இன்னொன்றுக்கு மாற்றினால் அம்மா காணாமல் போய் ஆங்கிலக் கிறுக்கல் வந்து நிற்கும். யூனிகோடு பரவிய பிறகுதான் அந்த அவதி தீர்ந்தது.)

படம் வரையும் ஏ.ஐ. இந்த இடத்தில்தான் வித்தியாசப்பட்டது. அதற்கு ஃபான்ட் கிடையாது. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. 2022-ல் பிரபலமான கருவிகள் எப்படி வரைந்தன என்றால்... கேபிள் கட்டான டி.வி.யில் புள்ளி புள்ளியாக இரையுமே, அந்த மாதிரி ஒரு இரைச்சல் படத்தில் தொடங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, சொன்ன காட்சியைக் கொண்டுவரும். தவளைக்கு இந்த வித்தை பிரமாதமாக வேலை செய்யும். தவளையின் முதுகில் ஒரு புள்ளி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ஆனால், ‘ர்’ தலையிலுள்ள புள்ளி அப்படிப்பட்ட புள்ளியா? ஓவியருக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் கொடுக்கும் வாசகத்தை ஏ.ஐ. எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. துண்டு துண்டாக விழுங்குகிறது. பழக்கமான ஆங்கில வார்த்தை என்றால் ஒரே துண்டு. உள்ளே எத்தனை எழுத்து, எந்த வரிசை என்று அதற்குத் தெரியாது. 2022 டிசம்பரில் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வார்த்தையைத் துண்டாகப் பார்க்கும் முறையை மாற்றி, எழுத்தெழுத்தாகப் பார்க்கிற ஏற்பாட்டை வைத்ததும் படத்தில் ஸ்பெல்லிங் கணிசமாகத் திருந்தியது.

தமிழில் கூடுதல் சிக்கல். ‘வணக்கம்’ என்பதில் எத்தனை எழுத்து? ஐந்து என்பீர்கள். சரி. யூனிகோடில் அது ஏழு. புள்ளிகளைத் தனியாகச் சேர்த்துவைப்பதால் வரும் கணக்கு. இணையத்தில் புழங்கும் முறையில் சேமித்தால் 21 பைட். ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ‘க’ முதலில், ஒகரக் குறி அப்புறம். எழுதும்போது மட்டும் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ‘க’வுக்கு முன்னால் ஓடும், கால் பின்னால் நிற்கும். செல்போனில் இதைச் சரியாக நிற்கவைக்கத் தனி நிரல் இருக்கிறது. படம் வரைகிற ஏ.ஐ. அந்த நிரலைக் கேட்பதில்லை. தமிழ்ப் பலகை எப்படியிருக்கும் என்கிற பொதுவான ஞாபகத்தில் ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு கால் என்று தூவுகிறது. நம்ம ஊரில் சுவர் விளம்பரம் எழுதிய ஆர்ட்டிஸ்டுகளை நினைத்துப்பாருங்கள். ஏணியில் தொங்கிக்கொண்டு, ஆளுயர ‘ஜ’வை ஸ்கேல்கூட இல்லாமல் எழுதுவார்கள். எழுதிக்கொண்டே வாய்க்குள் படித்தும் பார்ப்பார்கள்.

2023 மார்ச்சில் அடோபி நிறுவனத்தின் ‘ஃபயர்ஃபிளை’ வந்தது. அதில் எழுத்து அலங்காரத்துக்கென்றே ஒரு பகுதி வைத்தார்கள். வார்த்தையை நீங்கள் தட்டவேண்டும். ஃபான்ட்டையும் நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். ‘பாசியால் ஆன எழுத்து’, ‘பலூனால் ஆன எழுத்து’ என்று சொன்னால், ஏ.ஐ. எழுத்தின் உடம்புக்குள் மட்டும் பாசியையும் பலூனையும் நிரப்பும். உருவம் ஃபான்ட்டுடையது, சேலை மட்டும் ஏ.ஐ. கட்டிவிடுவது. யோசித்தால் இது எழுத்தரும் ஓவியரும் வேலையைப் பிரித்துக்கொண்ட அந்தப் பழைய ஏற்பாடேதான்! அதே வருஷம் ஆகஸ்டில் ‘ஐடியோகிராம்’, பிறகு ‘டால்-ஈ 3’ என்று எழுத்தைச் சரியாகப் போடும் கருவிகள் வரிசை கட்டின. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடிக்குள்ளேயே வந்த படம் வரையும் வசதி, ஆங்கிலத்தில் பத்திக் கணக்கில் பிழையில்லாமல் எழுதியது. தமிழிலும் அதற்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல்.

ஆபத்து இங்கேதான் கொஞ்சம் திசை மாறுகிறது. 2022-ன் உளறலை எந்த டீச்சரும் சுவரில் ஒட்டமாட்டார். பார்த்தவுடனே தெரிந்துவிடும். இப்போது பத்து எழுத்தில் ஒன்பது கச்சிதமாக வந்து, பத்தாவதில் ‘ள’வுக்குப் பதில் ‘ன’ மாதிரி ஒரு வஸ்து நிற்கிறது. ல, ள, ழ... ர, ற... ந, ன, ண... இவற்றுக்குள் வித்தியாசமே ஒரு வளைவு, ஒரு சுழிதானே? ராத்திரி பத்தரை மணிக்கு, தூக்கக் கண்ணோடு பிரின்ட் எடுக்கிற அப்பா அதைக் கவனிப்பாரா? ஸ்பால்மோரும்காரர்களே கோட்டை விட்டார்களே!

அதனால் டீச்சர்களும் பெற்றோர்களும் ஷோஃபர் மாதிரி எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விடாமல், கூட்டன்பர்க் மாதிரி காலி இடம் விடலாம். ஏ.ஐ.யிடம் ‘நடுவில் காலி இடம் விட்டு, சுற்றிலும் மேகம், தவளை, வாழை இலை மட்டும் வரைந்து கொடு. எழுத்தே வேண்டாம்’ என்று கேளுங்கள். அப்படியே கொடுத்துவிடும். எழுத்தை நல்ல தமிழ் ஃபான்ட்டில் நீங்களே தட்டி அந்த இடத்தில் வையுங்கள். குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி கொழுகொழுவென்று ‘பலூ தம்பி’ இருக்கிறது. கையெழுத்துச் சாயலில் ‘கவிவாணர்’ இருக்கிறது. இரண்டுமே இலவசம். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது பென்சில், ஸ்கேல், டபுள் லைன். பிள்ளையே எழுதட்டும். கடைசி ‘பு’ ஓரத்தில் நசுங்கினாலும் அது ‘பு’தான்.

கெல்ஸ் புத்தகத்தைப் பற்றி இன்னொரு சேதி சொல்ல மறந்துவிட்டேனே... அதில் ஒரு பக்கத்தை எழுத்தர் ஞாபகப் பிசகாக இரண்டு தடவை எழுதிவிட்டார். அடுத்த பக்கத்திலும் அதே வாசகம். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? கிழித்துப் போடவில்லை. ஓரங்களில் சின்னச் சின்னதாகச் சிவப்பு மையில் சிலுவைக் குறிகள் போட்டு, ‘இதைப் படிக்காதே’ என்று அடையாளம் காட்டிவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு வருஷமாகியும் அந்தச் சிவப்புக் குறிகள் அங்கேயே இருக்கின்றன.

ஏ.ஐ. சொதப்பிய அந்த மழைநீர் சார்ட்டையும் குப்பையில் போடவேண்டாம். வகுப்பில் மாட்டி, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, ‘தப்பைக் கண்டுபிடி’ என்று சொல்லிப்பாருங்கள். அப்புறம் சத்தம் தாங்காது!